உரிமையை எழுதிக் கொடுப்பதா, குத்தகைக்கு விடுவதா?

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் கண் முதலில் போய் நிற்பது தொகையில். அடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய கோட்டில். நடுவில் இருக்கும் நாலைந்து பக்கங்களைப் பெரும்பாலோர் புரட்டுவதோடு சரி. ஆனால் ஒரு கதையோ பாடலோ ஓவியமோ இருபது வருடம் கழித்து யார் கையில் இருக்கும் என்பதை அந்த நடுப்பக்கங்கள்தான் தீர்மானிக்கின்றன. தொகையில் நன்றாகப் பேரம் பேசியவர்கள்கூட அங்கே கோட்டை விட்டிருக்கிறார்கள்.

“உரிமையைக் கொடுக்கலாமா, கூடாதா?” என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. பதிப்பாளரோ, இசை நிறுவனமோ, படத் தயாரிப்பாளரோ, ஏதாவது ஓர் உரிமை இல்லாமல் அவர்களால் உங்கள் படைப்பைத் தொடவே முடியாது. எதையாவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். எதைக் கொடுக்கிறோம், எத்தனை வருடத்துக்கு, அது திரும்பி வர வழி வைத்திருக்கிறோமா என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டால் விஷயம் பிடிபடும். என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் முக்கியம். சதவீதத்தைவிடவும் முக்கியம்.

ஒரே தொகைக்கு மொத்தமாக

ஒரு தொகை, ஒரு கையெழுத்து, அத்தோடு கணக்கு முடிந்தது. இதைக் கேட்டதுமே பலர் முகம் சுளிக்கிறார்கள். அவ்வளவு மோசமான வழி அல்ல இது. ஒரு நிறுவனத்துக்கு லோகோ வரைகிறீர்கள், ஒரு விளம்பரத்துக்குப் பத்து விநாடி மெட்டு போடுகிறீர்கள், ஒரு கருவிக்குப் பயன்பாட்டுக் கையேடு எழுதுகிறீர்கள். அந்த லோகோவை நாளைக்கு வேறு யாரிடம் கொண்டுபோய் விற்க முடியும்? உங்கள் கையில் இருந்தால் ஒரு காசுக்கும் பயன்படாத உரிமையை, அது தேவைப்படுகிறவரிடம் நல்ல விலைக்குக் கொடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். “என்னுடைய மாதிரிப் படைப்புகளில் இதைக் காட்டிக்கொள்வேன்” என்று ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாரும் மறுப்பதில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. கணக்கு அனுப்பினார்களா, சரியாக அனுப்பினார்களா என்று வருடா வருடம் மல்லுக்கட்ட வேண்டாம். விற்காமல் போனாலும் நஷ்டம் அவர்களுடையது.

சிக்கல், படைப்புக்கு அடுத்தடுத்து உயிர் இருக்கும்போது வருகிறது. கதாபாத்திரம், நாவல், பாடல், குழந்தைகளுக்கான தொடர் எல்லாம் இந்த வகை. 1938-ல் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் தாங்கள் உருவாக்கிய சூப்பர்மேனை ஒரு காமிக்ஸ் நிறுவனத்துக்கு 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அது கேவலமான தொகை அல்ல, இளம் ஓவியருக்குக் கையில் ரொக்கம் வருவதே பெரிது. பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். பல வருட வழக்குகளுக்கும் வறுமைக்கும் அப்புறம், 1975-ல்தான் நிறுவனம் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், படைத்தவர்கள் என்று பெயர் போடும் உரிமையும் கொடுத்தது. அந்த 130 டாலரும் வேறு வேலைகளுக்கான பணமும் சேர்த்து 412 டாலருக்குக் கொடுத்த காசோலை 2012-ல் ஏலத்துக்கு வந்தது. காசோலைத் தாள் மட்டும் 1,60,000 டாலருக்குப் போனது.

சூப்பர்மேன் கோடியில் ஒன்று, அதை வைத்து எல்லோரும் பயப்பட வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெரும்பாலான படைப்புகள் அப்படி வெடிப்பதில்லை. ஆனால் எது வெடிக்கும் என்று கையெழுத்துப் போடும் நாளில் இரண்டு தரப்புக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு இன்றைக்கே விலை வைத்து, அதையும் நிரந்தரமாகக் கொடுப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

இந்த வகைக்கு ஓர் ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறது: ‘பணிக்காகச் செய்த படைப்பு’ என்ற ஷரத்து. இதில் உரிமை உங்களிடம் இருந்து கைமாறுவதே இல்லை. முதலில் இருந்தே அது அவர்களுடையது என்று ஆகிவிடுகிறது. சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவருக்குப் பல நாடுகளில் இதுதான் சட்டம். தனியாக உட்கார்ந்து, சொந்தச் செலவில் எழுதியவரின் ஒப்பந்தத்திலும் இந்த வரி சிலசமயம் எட்டிப் பார்க்கும். அங்கே அதற்கு வேலையே இல்லை, எடுக்கச் சொல்லுங்கள்.

எழுதிக் கொடுத்துவிட்டு ராயல்டி

கேட்க இனிமையாக இருப்பது இதுதான். உரிமை அவர்களுக்கு, விற்கிற ஒவ்வொன்றிலும் பங்கு உங்களுக்கு. இங்கே ஒரு கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நாணயம் எதுவாகவும் இருக்கட்டும்.

புத்தகத்தின் விலை 300. கடைக்காரருக்கு 40 சதவீதம் கழிவு போனால் பதிப்பாளர் கைக்கு வருவது 180. ஒரு பதிப்பாளர் “அட்டை விலையில் 10 சதவீதம்” என்கிறார். பிரதிக்கு 30 கிடைக்கும். இன்னொருவர் “நிகர வருமானத்தில் 15 சதவீதம்” என்கிறார். பெரிய எண்ணாகத் தெரிகிறது, ஆனால் 180-ல் 15 சதவீதம் 27 தான். இதோடு நிற்காமல், ‘நிகர’ என்பதற்கு ஒப்பந்தத்தின் வேறொரு பக்கத்தில் “அச்சு, போக்குவரத்து, விளம்பரச் செலவுகள் போக” என்று விளக்கம் கொடுத்திருந்தால்? அந்தச் செலவு 90 என்றால் மிச்சம் 90, உங்கள் பங்கு 13.50. சதவீதம் ஏறியிருக்கிறது, பணம் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. எதன் மேல் சதவீதம் என்று பார்க்காமல் சதவீதத்தை மட்டும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

இதே கணக்கை வைத்து மொத்தத் தொகையையும் எடை போடலாம். ஒருவர் 60,000 கொடுத்து எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார், இன்னொருவர் பிரதிக்கு 30 என்கிறார். 2,000 பிரதி விற்றால் இரண்டும் சமம். உங்கள் புத்தகம் 2,000 பிரதியைத் தாண்டுமா, தாண்ட எத்தனை வருடம் ஆகும், அதுவரை ஒழுங்காகக் கணக்கு வருமா? அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அது ராயல்டியில் கழியும் வரை புதிதாகப் பணம் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். விற்பனை மந்தமானால் அந்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கக்கூடாது என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ராயல்டி வேண்டாம், மொத்தமாகக் கொடுங்கள் என்று படைப்பாளியே கேட்பதும் உண்டு. போலந்து எழுத்தாளர் ஆந்த்ரே சப்கோவ்ஸ்கி தன் கதைகளை வீடியோ கேமாக்கும் உரிமையை அப்படித்தான் கொடுத்தார். லாபத்தில் பங்கு தருகிறோம் என்றது கேம் நிறுவனம். லாபம் வரும் என்று அவருக்கு நம்பிக்கை இல்லை, பணத்தை இப்போதே கொடுங்கள் என்றார். கேம் உலகம் முழுக்க ஓடியது. 2018-ல் அவர் ஆறு கோடி ஸ்லோட்டி (போலந்து நாணயம்) கேட்டு வக்கீல் கடிதம் அனுப்பினார். வாங்கிய தொகைக்கும் நிறுவனம் அடைந்த லாபத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தால் படைப்பாளி கூடுதலாகக் கேட்கலாம் என்று போலந்துச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. 2019-ல் இரு தரப்பும் புது ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. இப்படி ஒரு பிரிவு ஜெர்மனியிலும் இருக்கிறது. எல்லா நாட்டிலும் இல்லை.

ராயல்டி ஒப்பந்தத்தில் பணத்தைவிட எனக்கு உறுத்துவது வேறு. உரிமை முழுவதும் போய்விட்டது, ஆனால் வருமானம் அவர்கள் வேலை செய்தால்தான் வரும். அடுத்த அச்சு போடாமல் கிடப்பில் போட்டால் பூஜ்யத்தில் 10 சதவீதம் பூஜ்யம். நீங்களே அச்சிடவும் முடியாது, வேறொருவரிடம் கொடுக்கவும் முடியாது. மொத்தமாக விற்றவராவது பணத்தை வாங்கிவிட்டார்.

காலம் குறித்த உரிமம்

மாமரத்தை வேரோடு விற்பது ஒன்று, மூன்று வருடக் காய்ப்பைக் குத்தகைக்கு விடுவது இன்னொன்று. உரிமம் இரண்டாவது வகை. உரிமையாளர் நீங்கள்தான், குறிப்பிட்ட வேலைக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு அனுமதி கொடுக்கிறீர்கள். ‘பிரத்யேக உரிமம்’ என்றால் அந்தக் காலத்தில் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டீர்கள், நீங்களும் பயன்படுத்த மாட்டீர்கள். பிரத்யேகம் இல்லாதது என்றால் ஒரே படத்தைப் பத்து இதழ்களுக்கும் கொடுக்கலாம், அதற்கேற்ப விலையும் குறையும்.

பணம் போட்டு அச்சடித்து விளம்பரம் செய்கிறவர், சந்தையில் போட்டி இருக்கக்கூடாது என்று எதிர்பார்ப்பது நியாயம். அதற்குப் பிரத்யேக உரிமமே போதும். ஏன் முழு உரிமையும் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் வரும் பதில் “எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள்” என்பதாக இருக்கும். அது காரணம் இல்லை, பழக்கம்.

காலம் முடிந்தால் உரிமை தானாகத் திரும்ப வேண்டும். “இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் முடிவுக்கு வரும்” என்று இருந்தால் அது முடிவே இல்லை. “எதிர்ப்புத் தெரிவிக்காவிட்டால் தானாகப் புதுப்பிக்கப்படும்” என்று இருந்தால் அறிவிக்க வேண்டிய கடைசித் தேதியை இன்றே காலண்டரில் குறித்து வையுங்கள்.

அதைவிட நுட்பமான பொறி ஒன்று இருக்கிறது. “புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை ஆசிரியருக்குத் திரும்பும்” என்பது பழைய, நல்ல ஷரத்து. கிடங்கில் பிரதி தீர்ந்து, மறு அச்சு போடாமல் விட்டால் புத்தகம் அச்சில் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்த காலம் அது. இப்போது ஒரு மின்னூல் கோப்பு சர்வரில் இருந்தால் போதும், கேட்டால் ஒரு பிரதி அச்சடித்துத் தருவோம் என்றாலும் போதும், புத்தகம் என்றென்றைக்கும் ‘அச்சில்’ இருக்கும். வருடத்துக்கு மூன்று பிரதி விற்றாலும் உரிமை திரும்பாது. அதனால் சொல்லை விட்டுவிட்டு எண்ணைப் பிடியுங்கள்: “தொடர்ந்து 12 மாதங்களில் இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால், ஆசிரியர் எழுத்தில் கேட்ட 90 நாட்களுக்குள் உரிமை திரும்பும்.” ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியைத்தான் மாற்ற முடியும் என்று யாராவது சொன்னால் நான் கைவைக்கும் வரி இது.

கையிலேயே வைத்துக்கொள்வது

தானே வெளியிடுவதை விடுதலையாகப் பேசுகிறவர்கள் உண்டு. உரிமை முழுக்க உங்களுடையது என்பது உண்மைதான். பிழைதிருத்தம், வடிவமைப்பு, விற்பனை, பணம் வசூலிப்பது, பார்சல் கட்டுவது எல்லாமும் உங்களுடையது. அந்த வேலையில் விருப்பமும் ஏற்கெனவே சில நூறு வாசகர்களும் இருக்கிறவருக்கு இது நல்ல வழி. மற்றவர்களுக்கு உரிமை அலமாரியில் பத்திரமாக இருக்கும், படைப்பும் அங்கேயே இருக்கும்.

கிரியேட்டிவ் காமன்ஸ் போலத் திறந்த உரிமத்தில், அதாவது சில நிபந்தனைகளோடு யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே அனுமதித்து, விடுவதும் ஒரு தெரிவு. பணத்தைவிடப் பரவல் முக்கியம் என்றால் சரி. கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும். வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கதவு உங்கள் பக்கம் இருக்கும்.

ஒரு வரியைப் பிரித்துப் பார்த்தால்

அனேகமாக எல்லா ஒப்பந்தத்திலும் இந்த வாக்கியம் ஏதாவது ஒரு வடிவில் வரும்: “உலகம் முழுவதும், எல்லா மொழிகளிலும், இப்போது உள்ள மற்றும் இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாகவும் மாற்ற முடியாததாகவும், மூன்றாம் நபருக்கு மாற்றிக் கொடுக்கும் உரிமையோடு.”

‘உலகம் முழுவதும், எல்லா மொழிகளிலும்’: வாங்குகிறவர் இதுவரை எத்தனை மொழியில் வெளியிட்டிருக்கிறார் என்று கேளுங்கள். ஒன்றுதான் என்றால் மிச்ச மொழிகளை எதற்குப் பூட்டி வைக்க வேண்டும்? மொழிபெயர்ப்பு விற்றுத் தருகிறோம் என்றால் அதில் உங்களுக்கு எத்தனை பங்கு என்று தனியாக எழுத வேண்டும்.

‘எல்லா ஊடகங்களிலும்’: அச்சு, மின்னூல், ஒலிநூல், நாடகம், திரைப்படம், தொடர், கேம், பொம்மை என்று ஒவ்வொன்றும் தனி உரிமை. அவை தனித்தனிக் கைகளில் இருக்க முடியும். பாரதியின் எழுத்தை அச்சிடும் உரிமை அவர் தம்பி விசுவநாதனிடம் இருந்தது. பாடல்களை ஒலிவடிவில் பயன்படுத்தும் உரிமையோ ஏவி. மெய்யப்பனிடம் இருந்து 1949-ல் அரசிடம் வந்தது. ஒரே படைப்பாளி, ஒரே பாடல், இரண்டு உரிமையாளர்கள். புத்தகம் மட்டும் போடுகிறவருக்குத் திரைப்பட உரிமை சும்மா போகக் கூடாது. ‘இனி கண்டுபிடிக்கப்படும்’ என்பதையும் அடித்துவிடுங்கள். எந்திரக் கற்றலுக்கு, அதாவது செயற்கை நுண்ணறிவைப் பழக்குவதற்கு, படைப்பைத் தீனியாகக் கொடுப்பதா இல்லையா என்பதற்கு இப்போதே தனி வரி தேவை.

‘மாற்றிக் கொடுக்கும் உரிமையோடு’: நீங்கள் நம்பிக் கொடுத்த ஆள் நாளைக்கு நிறுவனத்தையே விற்றுவிட்டுப் போகலாம். அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் முதல் ஆறு ஆல்பங்களின் மூல ஒலிப்பதிவுகள் அப்படித்தான் 2019-ல், நிறுவனம் விற்கப்பட்டபோது, அவர் விரும்பாத கைக்குப் போயின. ஆனால் பாட்டை எழுதியவர் என்ற உரிமை அவரிடம் தனியாக இருந்தது. மறுபதிவுக்கான தடைக்காலம் முடிந்ததும் 2021-ல் இருந்து அதே பாடல்களைப் புதிதாகப் பாடி வெளியிட்டார். 2025-ல் பழைய பதிவுகளையும் விலைக்கு வாங்கிவிட்டார். அந்த அளவு ரசிகர் பட்டாளம் எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் இரண்டு உரிமைகளையும் ஒரே தாளில் கொடுக்காமல் இருப்பது எவருக்கும் சாத்தியம். வேறொருவருக்கு மாற்றும் முன் உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று கேளுங்கள், அது கிடைக்காவிட்டால் நிறுவனம் கைமாறும்போது விலகிக்கொள்ளும் உரிமையாவது கேளுங்கள்.

அடுத்த படைப்பையும் அவர்களிடமே முதலில் காட்ட வேண்டும் என்ற ஷரத்துக்கு 30 நாள், 60 நாள் என்று கெடு வையுங்கள். வழக்கு வந்தால் முழுச் செலவும் ஆசிரியர் தலையில் என்ற வரிக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள்.

சட்டம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்

படைப்பாளி அவசரத்தில் கையெழுத்துப் போடுவார் என்று சட்டத்துக்கு ரொம்ப காலமாகவே தெரியும். 1710-ல் நடைமுறைக்கு வந்த இங்கிலாந்தின் ஆன் அரசிச் சட்டத்திலேயே 14 வருடம் முடிந்ததும், ஆசிரியர் உயிரோடு இருந்தால், அடுத்த 14 வருடத்துக்கு உரிமை அவரிடம் திரும்பும் என்று இருந்தது. அமெரிக்காவில் 1978-க்குப் பிறகு ஆசிரியர் எழுதிக் கொடுத்த உரிமையை, 35 வருடம் கழித்து, முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். பணிக்காகச் செய்த படைப்புக்கு இது கிடையாது. அந்த ஷரத்தை எடுக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இது. ஜெர்மனியில் படைப்பாளி தன் பதிப்புரிமையை உயிரோடு இருக்கும்போது இன்னொருவருக்கு முழுதாக மாற்றவே முடியாது, பயன்படுத்தும் உரிமையை மட்டும் கொடுக்கலாம்.

இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 19-வது பிரிவு கவனிக்க வேண்டியது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், எந்த எல்லை என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி ஆகிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் “ஒப்பந்தத்தில் வேறு மாதிரிச் சொல்லாவிட்டால்” என்ற ஒட்டு கூடவே இருக்கிறது. வக்கீல் எழுதிய ஒப்பந்தம் எதுவும் வேறு மாதிரிச் சொல்லாமல் இருப்பதில்லை. 2012 திருத்தம் இதைவிட வலுவானது: படத்துக்குப் பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும், திரையரங்கில் படத்தோடு ஓடுவது தவிர்த்த மற்ற பயன்பாடுகளில் தங்களுக்கு வர வேண்டிய சரிபாதி ராயல்டியை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது.

பணத்துக்கு அப்பால், பெயர் போடும் உரிமையும் சிதைக்காமல் காக்கும் உரிமையும் இருக்கின்றன. பிரான்சில் இவற்றை விற்கவே முடியாது. பிரிட்டனில் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியும், அதனால் அங்கே எழுதப்படும் ஒப்பந்தங்களில் விட்டுக்கொடுக்கும் வரி இருக்கிறதா என்று தேட வேண்டும். எந்த நாட்டுச் சட்டப்படி என்று கடைசிப் பக்கத்தில் சின்னதாக ஒரு வரி இருக்குமே, அது சம்பிரதாயம் இல்லை.

எதை எடுப்பது

வேறெங்கும் பயன்படாத வேலை என்றால் மொத்தமாக விற்றுவிடுங்கள், விலையை மட்டும் கூட்டிக் கேளுங்கள். மீண்டும் உயிர் வரக்கூடிய படைப்பு என்றால் காலம் குறித்த உரிமம்தான், ராயல்டி சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. 12 சதவீதத்தோடு நிரந்தர உரிமை மாற்றம், 8 சதவீதத்தோடு ஏழு வருட உரிமம் என்று இரண்டு தாள்கள் எதிரே இருந்தால் நான் எட்டைத்தான் எடுப்பேன். கையில் காசில்லாத நேரத்தில் இந்த அறிவுரை கசக்கும், தெரியும். அப்போதும் எல்லாவற்றையும் கொடுக்காமல் அச்சு உரிமையை மட்டும் மொத்தத் தொகைக்குக் கொடுத்து, திரை உரிமையைப் பிடித்து வைக்க முடியுமா என்று ஒருமுறை கேட்டுவிடலாம்.

கேட்பதில் தயக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. வாய்ப்பே போய்விடுமோ என்ற பயம். சண்டை போடும் தொனி வேண்டியதில்லை, இப்படி எழுதினால் போதும்: “ஒப்பந்தம் பார்த்தேன், மகிழ்ச்சி. மூன்றாம் ஷரத்தில் ‘நிரந்தரமாக’ என்பதை ‘ஏழு ஆண்டுகளுக்கு’ என்று மாற்றித் தர முடியுமா? ஒலிநூல், திரை உரிமைகளைப் பிறகு தனியாகப் பேசிக்கொள்ளலாம்.” முடியாது என்று பதில் வந்தால், காலத்தை விட்டு விற்பனை எண்ணிக்கை ஷரத்தைக் கேளுங்கள். அதுவும் முடியாது என்றால் தொகையைப் பேசலாம். எதற்குமே பதில் சொல்லாமல் “சீக்கிரம் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்” என்று அவசரப்படுத்தினால், அந்த இடத்தோடு இருபது வருடம் உறவு வைத்துக்கொள்ள முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு முடித்தவர்கள் பழைய தாளைத் தேடி எடுத்துத் தேதியைப் பார்ப்பது நல்லது. காலம் முடிந்தும் யாரும் கேட்காததால் அங்கேயே கிடக்கும் உரிமைகள் உண்டு. விற்பனை நின்றுபோன புத்தகத்தை மரியாதையாக எழுதிக் கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடும் பதிப்பாளர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அதனால் லாபம் ஒன்றும் இல்லை. பதில் எழுத்தில் வரட்டும், மின்னஞ்சலாக இருந்தாலும் சரி. எந்தெந்த உரிமை எந்தத் தேதியில் இருந்து திரும்புகிறது, கையிருப்புப் பிரதிகளை எதுவரை விற்கலாம் என்று அதில் இருக்க வேண்டும். அடுத்த பதிப்பாளர் முதலில் கேட்கும் காகிதம் அதுதான்.